கையால் சுற்றிய படம்

சினிமாக் கொட்டகை முதலாளி தன் பழைய ஆபரேட்டருக்கு முந்நூறு ரூபாய் பாக்கி வைத்திருந்தார். பதினோரு வருடக் கடன்.

நாலாம் வகுப்பைத் தாண்டாமல், டிக்கெட் கிழித்தே கொட்டகையை வாங்கியவர் அவர். வேறு எவருக்கும் ஒரு காசு நிறுத்தி வைத்ததில்லை. ஆபரேட்டர் முந்நூறுக்கு அவரிடம் விற்றது காதலும் சிரிப்புமான ஓர் ஊமைப்படம். வேறெங்கும் பிரதி கிடையாது. "சிரிப்பு வந்தாத்தான் பணம்" என்று பேச்சு. மோட்டாரில் ஓட்டியபோது காதலர்கள் எறும்புகளாய் ஓடினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அது கையால சுத்துற படம், முதலாளி."

"எனக்கே சினிமா சொல்லித் தர்றியா?"

இப்போது சுருள் நொய்ந்துபோயிருந்தது. இன்னும் ஒருமுறைதான் தாங்கும். வீம்பை விழுங்கிவிட்டு முதலாளி ஆளனுப்பினார். கிழவர் வந்து பழைய புரொஜக்டரைத் துடைத்து, மூச்சை எண்ணிக்கொண்டே கைப்பிடியைச் சுற்றினார்.

திரையில் மழை. ஒருவன் குடையை நீட்டினான். அவள் குடையை மட்டும் வாங்கிக்கொண்டு நடந்தாள். அங்கே கைப்பிடி சற்று மெதுவானது. அவன் நனைந்தபடி, நன்றி சொன்னாளா என்று யோசித்து நின்றான்.

காலிக் கொட்டகையில் முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். படம் முடிந்ததும் எழுந்து கிழவரிடம் போனார்.

"கையை நீட்டுங்க, அண்ணே" என்றார். டிக்கெட் கிழித்த காலத்துக்குப் பிறகு அப்படி அழைத்ததில்லை.

காய்ப்பேறிய அந்த உள்ளங்கையில் முந்நூறையும் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார்.