குளிக்காமல் வந்த பொன்னுத்தங்கம்

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற பொன்னுத்தங்கத்துக்கு வாய் நீளம். போர்மேன் சங்கரபாண்டியன் அப்படித்தான் சொல்வார். கேள்வி கேட்கிற பெண்களுக்கெல்லாம் அவர் அளந்து வைத்திருந்த நீளம் அது.

வெள்ளியாய் மினுங்கும் அலுமினியப் பவுடர் பறக்கிற அறையில் வேலை. சாயங்காலம் தொட்டித் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் யாரும் வீட்டுக்குப் போவார்கள். மருந்து படிந்த சேலையோடு அடுப்புப் பக்கம் போக முடியுமா?

2005இல் வேலைக்காரப் பெண்களின் நுரையீரலைப் பார்க்க டவுன் டாக்டர்கள் வந்தார்கள். டாக்டர் முன்னால் அழுக்காக நிற்கலாமா என்று பெண்களுக்குக் கூச்சம். தேய்த்துக் குளித்து, வாய் கொப்பளித்து, பூ வைத்து, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் போய் நின்றார்கள். வேலை அறைக் காற்றில் எவ்வளவு தூசி என்று அளக்கிற மெஷினில் மோட்டார் இருந்தது. பொறி பறந்தால் கூரை மிஞ்சாது என்று அதை மருந்து அறைக்குள் விடவில்லை. ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் வைத்தார்கள். வேப்பமரக் காற்றுக்கு என்ன குறை? சுத்தம் என்றது மெஷின்.

"அப்ப இவங்க இருமல்?" என்று கேட்டார் டாக்டர்.

"வீட்டு அடுப்புப் புகைங்க" என்றார் சங்கரபாண்டியன். அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள்.

பொன்னுத்தங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து அடைத்த முருகம்மாள் அந்தத் தீபாவளிக்கு முன்பே மூச்சு வாங்கிப் படுத்தாள், எழவே இல்லை. அடுப்புப் புகைக்குக் கம்பெனி என்ன செய்யும் என்று கையை விரித்துவிட்டார்கள். பொன்னுத்தங்கத்துக்கு வயிற்றெரிச்சல் ஆறவில்லை. இப்போது அதே இருமல் அவளுக்கும் வந்துவிட்டது. தன் சாவையும் அடுப்பின் தலையில் கட்ட அவள் விடுவதாயில்லை.

மறு வருஷமும் டாக்டர்கள் வந்தார்கள். மெஷின் அதே மரத்தடியில். மணி அடித்ததும் எல்லோரும் தொட்டிக்கு ஓட, பொன்னுத்தங்கம் நேரே மரத்தடிக்கு நடந்தாள். புருவத்திலிருந்து பாதம் வரை வெள்ளி மினுங்கியது.

சங்கரபாண்டியன் குறுக்கே வந்தார். "ஏத்தா, குளிக்காம எங்கன போற? கம்பெனி மானம் போயிரும்."

"போகட்டும் அண்ணாச்சி. போன வருசம் நாங்க குளிச்சிட்டு வந்ததுல முருகம்மா உசுரே போயிருச்சு."

"நாளைக்கு வேலைக்கு வரணும்ல? யோசிச்சுக்க."

"வருவேன். கேட்டைச் சாத்துனீகன்னா ரோட்டுல நின்னு பேசுவேன். அம்புட்டுதான்."

மரத்தடியில் இருந்த இளம் டாக்டரம்மா அவளை உட்காரச் சொல்லி, பேனாவை எடுத்தார். "வீட்டுல விறகடுப்பாம்மா?"

"விறகடுப்புதாங்க!" என்று முந்திக்கொண்டார் சங்கரபாண்டியன்.

பொன்னுத்தங்கத்துக்குப் பதில் வருமுன் இருமல் வந்தது. மேசையிலிருந்த பஞ்சை எடுத்து, அடிவயிற்றிலிருந்து இருமி, அதில் துப்பினாள். பஞ்சை டாக்டரம்மா முன்னால் விரித்து வைத்தாள். சளி சாம்பல் நிறத்தில் பளபளத்தது.

"விறகடுப்புதான் டாக்டரம்மா, இல்லேங்கல. நல்லாப் பாருங்க. எங்க வீட்டு அடுப்புல விறகு எரியிதா, வெள்ளி எரியிதா?"

டாக்டரம்மா 'அடுப்புப் புகை' என்று எழுதியிருந்ததை அடித்தார். தொட்டியடியில் தலைக்கு ஊற்றத் தூக்கிய செம்பைக் கீழே வைத்துவிட்டு, கூட மருந்து அடைக்கிற மாரித்தாய் குளிக்காமலே வந்து பொன்னுத்தங்கத்தின் பின்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் சின்னத்தாய்.