தில்லைப்பால் பட்ட விரல்

பாலாவி உப்பளத்தில் இருபது வருடம் உப்பு வாரியவள் றஹ்மா. கணவனைக் கடல் கொண்டுபோன பிறகு மகள் ஷிஹாராவை வளர்த்தது அவளுடைய இரண்டு கைகள்தான். காய்ப்பேறிய அந்த உள்ளங்கைகளுக்குச் சுடுதண்ணீர்கூட உறைக்காது.

மகளின் நிக்காஹ் நாளன்று காலை, பந்தலுக்கு இடைஞ்சலாக வேலியில் நின்ற தில்லை மரக் கிளையை அவளே வெட்டினாள். கண்ணில் பட்டால் பார்வையைப் பறிக்கும் அதன் வெள்ளைப் பால் கையில் வழிந்தது. பலாப்பாலுக்குச் செய்வதுபோலத் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்தாள். பிசுபிசுப்புப் போனது. விஷமும் போய்விட்டதென்று நினைத்தாள், பாவி.

கண்ணுக்குச் சுருமா மை இட உம்மாதான் வேண்டுமென்று ஷிஹாரா அடம்பிடித்தாள். றஹ்மா சுருமாவை விரலில் தொட்டு, மகளின் இமையோரம் ஆசையாக இழுத்தாள்.

"எரியுது உம்மா."

"சுருமா எண்டா கொஞ்சம் எரியும்தான் புள்ள."

சற்று நேரத்தில் இரண்டு இமைகளும் வீங்கி ஒட்டிக்கொண்டன.

"உம்மா, ஒண்டும் தெரியுதில்ல."

மகளின் முகத்தை ஏந்தக் கை நீட்டினாள் றஹ்மா. அப்போதுதான் தன் முன்கையைப் பார்த்தாள். பால் வழிந்த இடமெல்லாம் சிவந்து கொப்புளித்திருந்தது. பெற்ற பிள்ளையின் கண்ணில் தானே நஞ்சு வைத்திருக்கிறாள்!

கணவனின் அக்கா ஆசியா உம்மா, கண்ணில் விடத் தாய்ப்பால் வாங்கிவரக் கிளம்பினாள். பக்கத்து வீட்டு றீற்றா வழிமறித்தாள். மன்னாரிலிருந்து வந்து குடியேறியவள், ஆஸ்பத்திரியில் வேலை.

"தண்ணியத் தவிர ஒண்டும் விடப்படாது. பிள்ளையைப் பைப்படிக்குக் கொண்டு வாங்கோ."

"மாப்பிள வீட்டாக்கள் வார நேரம், பொண்ண நனைக்கவா?" என்றாள் ஆசியா உம்மா.

"வரட்டும். அவையும் ஆளுக்கொரு வாளி அள்ளட்டும்."

இமைகளை விரித்துப் பிடித்து, இருபது நிமிடம் தண்ணீர் விட்டார்கள். பட்டுச்சேலை சேற்றில் கிடந்தது. பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"உடன கழுவினது நல்லம்," என்றார் டாக்டர். "மருந்து போட்டுக் கட்டியிருக்கு. அவிழ்த்தாத்தான் பார்வையப் பத்திச் சொல்லலாம்." றஹ்மாவின் கையையும் பார்த்தார். "சோப் போட்டு நல்லாக் கழுவுங்க. பூச்சு மருந்து தாறன். கொப்புளத்த உடைக்க வேணாம்."

நிக்காஹ் தள்ளிப்போனது. கண் கட்டியிருந்த இரண்டு நாளும் றஹ்மா தன் கைக்கே பயந்து மகளைத் தொடவில்லை. சோறூட்டவும் றீற்றாவைத்தான் அழைத்தாள்.

மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தபோது, மாப்பிள்ளை ஸுஹைப் தன் தாயோடு கட்டிலருகே நின்றான்.

"நான் ஆரெண்டு தெரியுதா?"

ஷிஹாரா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "தெரியுது. கலியாணம் தள்ளிப்போனா தாடியும் வெட்ட மாட்டீங்களா?"

கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த றஹ்மா, கொப்புளம் ஆறாத கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"உம்மா, ஏன் அங்க இருக்கிறீங்க?" என்றாள் மகள். "இஞ்ச வாங்க. வந்து தலைய வாரி விடுங்க."