அது நான் பின்னியது

என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று முடிவானதும் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, கூடத்தில் ஜன்னலோரம் இருக்கும் லேஸ் பின்னும் தலையணையை எங்கே மறைத்து வைப்பது என்பதுதான். கேட்டது என் மனைவி. பின்னுவது நான்.

நான் மலேசியாவில், ஜொகூர் பாரு பக்கம் தம்போயில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். இரும்புத் தண்டுகளைக் கடைந்து கொடுப்பது பிழைப்பு. சில வருடங்களுக்கு முன் பட்டறையில் எண்ணெய் வழுக்கி விழுந்து முதுகில் அறுவை சிகிச்சை ஆனது. மாதக்கணக்கில் படுக்கை. கைப்பேசியைப் பார்ப்பதைத் தவிர வேறு போக்கில்லை. ஒரு மத்தியானம் அதில், ஐரோப்பாவில் எங்கோ ஒரு பெண்மணி லேஸ் பின்னுவதைப் பார்த்தேன். அவர் முன்னால் ஒரு கெட்டியான தலையணை. அதன்மேல் புள்ளி குத்திய அட்டை. புள்ளிகளில் குண்டூசிகள். அவற்றிலிருந்து பேனாவைவிட மெல்லிய மரக்குச்சிகள் நூலில் தொங்கின. அவற்றுக்குப் பாபின் என்று பெயராம். தையல் மிஷினில் இருக்கும் பாபினைத்தான் எனக்குத் தெரியும். அவர் அந்தக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டே போனார். குச்சிகள் தட்டிக்கொள்ளும் சத்தம் மழை விட்டபின் தகரக் கூரையில் சொட்டுவது போல இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊசிகளுக்கு நடுவில் நூலில் ஒரு பூ வந்தது.

என் கண் குச்சியை விட்டு நகரவில்லை. அதன் கழுத்தும் இடுப்பும் லேத்தில் கடைந்தவை. இது என்னால் முடியும் என்று தோன்றியது.

வேலைக்குத் திரும்பியதும், பக்கத்து மேசை நாற்காலிப் பட்டறையில் கழித்துப் போட்ட ரப்பர் மரத் துண்டுகளை வாங்கிவந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூலையில் கிடந்த சின்ன லேத்தில் கடையத் தொடங்கினேன். இரும்பு பழகிய கை. முதலில் கடைந்தவை எல்லாம் கழுத்து முறிந்து போயின. மரத்தை எவ்வளவு மெல்லத் தொட வேண்டும் என்று கை கற்றுக்கொள்ள நாளானது. பாபினின் அடியில் ஒரு வளையத்தில் மணிகள் கோத்துத் தொங்கவிட வேண்டும். அந்தக் கனத்தில்தான் நூல் விறைப்பாக நிற்கும், குச்சியும் உருளாது. மனைவியின் அறுந்துபோன பாசிமாலை, மகள் சின்ன வயதில் போட்ட கைச்சங்கிலி, ஜொகூர் பாருவில் மலாய்ப் பெண்கள் மணிச்செருப்புக்குப் பாசி வாங்கும் கடையில் நான் பொறுக்கிய கண்ணாடி மணிகள் எல்லாம் அதற்குப் போயின. ஒன்றைப் போல ஒன்று இருக்காது. மணியைப் பார்த்தே எந்தக் குச்சி எது என்று சொல்லிவிடுவேன்.

அதில் உட்கார்ந்தால் முதுகுவலி போய்விடும் என்று சொல்லமாட்டேன். வலிக்கும். இருந்தாலும் உட்காருவேன். நாள் முழுக்க இரும்பு கத்துவதைக் கேட்ட காதுக்கு அந்தச் சத்தம் வேண்டும். நூலைக் குறுக்கே போட்டு, முறுக்கி, ஊசி குத்தி, இழுத்துவிட்டு, உருவம் சரியாக வந்துவிட்டால் எனக்குள் ஏற்படும் சந்தோஷத்துக்கு நான் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

கேட்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். என் மனைவியின் அண்ணன் கெலாங் பாத்தாவில் இருக்கிறார். கோவில் நிர்வாகத்தில் இருப்பவர், நாலு பேருக்கு நடுவில் பேசிப் பழகியவர். முதல்முறை பார்த்தபோதே சொன்னார்.

"மச்சான், மீன் புடிக்கப் போங்க, பூப்பந்து ஆடுங்க, யாரு வேணாங்கிறா. இது என்னா பொம்பள வேல?"

"மீன் புடிச்சா ஏன்னு யாரும் கேக்க மாட்றீங்க. இத மட்டும் கேக்கறீங்க," என்றேன்.

பெண் பார்க்கும் நாளன்று அவர்தான் முதலில் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஜன்னலோரம் பார்த்துவிட்டார்.

"இன்னுமா அது அங்க இருக்கு? உள்ள தூக்கி வைங்க லா. அவங்க வர நேரமாச்சு."

"இருக்கட்டும் மச்சான். எங்க வீட்டுல அது எப்பவும் அங்கதான் இருக்கும்."

மனைவி ஒரு துண்டைக் கொண்டுவந்து மூடப் போனாள். நான் துண்டை வாங்கி நாற்காலியில் போட்டேன். அவள் சமையலறைக்குள் போனாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பையன், அவன் அம்மா, பெரியப்பா. பையனின் அம்மாவுக்குக் கிடைத்த இடம் ஜன்னலோர நாற்காலி. என் மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்ததும் அந்த அம்மா தலையணைப் பக்கம் குனிந்தார்.

"யம்மா, இது என்னா இவ்ளோ நைசா இருக்கு. நீ செஞ்சதாம்மா?"

மகள் வாய் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார். "ஆமா ஆமா, புள்ளதான். சின்னதுல இருந்தே கைவேலைல கெட்டிக்காரி."

எல்லாரும் சிரித்தார்கள். மகள் என்னைப் பார்த்தாள். மனைவி தரையைப் பார்த்தாள். நான் சும்மா இருந்திருந்தால் அந்த மாலை நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் என் மகளுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடப் பொறுமை கிடையாது. தினமும் எல்லை தாண்டிப் போய்ச் சிங்கப்பூர் மருத்துவமனையில் தாதியாக வேலை பார்க்கிறாள், அவளுடைய கெட்டிக்காரத்தனம் வேறு. இல்லாத ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு அவள் ஏன் அந்த வீட்டுக்குப் போக வேண்டும்? என்னுடையதை நான் ஏன் இன்னொருவர் பெயரில் விட வேண்டும்?

"அது நான் பின்னினது," என்றேன். "அந்தக் குச்சியும் நான் கடைஞ்சதுதான்."

பெரியப்பா தேநீரைக் கீழே வைத்தார். "அலமாக், நீங்களா? லேத்ல வேலன்னுல்ல சொன்னாங்க."

"லேத்லதான் வேல. வீட்டுக்கு வந்தா இது."

"வேற வேல இல்லையா லா?"

"இருக்கு. அதையும்தான் செய்யறேன்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். விட்ட இடத்திலிருந்து பின்ன ஆரம்பித்தேன். பையன் எழுந்து வந்து பக்கத்தில் குந்தினான். "அங்கிள், இந்த மணி எதுக்கு? அழகுக்கா?" என்று கேட்டான். கனத்துக்கு என்று காட்டினேன். அவன் அம்மா, "எங்க வீட்டு ஆம்பளைங்க சாப்ட்ட தட்ட எடுத்து வைக்கிறதே பெரிய விஷயம்," என்றார். பெரியப்பா அதற்குச் சிரிக்கவில்லை.

அவர்கள் போனதும் மச்சான் பொரிந்து தள்ளினார். "ஒரு பொய் சொன்னா என்னா கொறஞ்சிடும்? புள்ள வாழ்க்கை மச்சான்."

"நாளைக்கு அந்த வீட்டுல பின்னிக் காட்டச் சொன்னா அவ என்னா செய்வா?"

அவர் சாப்பிடாமலே கிளம்பினார். அதற்குப்பின் பல நாட்கள் எந்தத் தகவலும் இல்லை. மனைவி என்னிடம் சாப்பாட்டுக்கு மட்டும் பேசினாள். எனக்கும் பயம்தான். ஆனாலும் தினமும் தலையணைமுன் உட்கார்ந்தேன். எழுந்துவிட்டால் தோற்றுப்போவேன் என்ற வீம்பு.

மகள் ஒரு நாள் வேலைக்குப் போகும்முன் சொன்னாள். "இதுக்காக வேணாம்னா, வேணாம்னே சொல்லட்டும்பா. எனக்கும் அந்த வீடு வேணாம்."

கடைசியில் பையனின் அம்மா அழைத்தார். அவர்களுக்குச் சம்மதம். ஒரே ஒரு விஷயம் என்று தயங்கினார். கல்யாண மண்டபத்தில் லேஸ் கதையெல்லாம் எடுக்க வேண்டாமாம், பையனின் பெரியப்பாவுக்குக் கூச்சமாக இருக்கிறதாம்.

"நானா போயி சொல்ல மாட்டேன்," என்றேன். "ஆனா யாராச்சும் கேட்டா, நான்தான்னு சொல்லுவேன்."

கல்யாண ரவிக்கையின் கை ஓரத்துக்கு லேஸ் வேண்டும் என்று கேட்டது மகள்தான். தங்க நிற நூலில் பின்னி, ஒவ்வொரு முனையிலும் ஒரு சின்ன மணி வைத்தேன். பாதி முடிந்த பிறகு ஒரு பிழையைக் கண்டு பிரித்துப்போட்டு மறுபடியும் ஆரம்பித்தேன். மண்டபத்தில் பெண்கள் அவள் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் மச்சான், கேட்ட யாரிடமோ, "சிங்கப்பூர்ல வாங்கினது," என்று சொல்வது காதில் விழுந்தது. சாம்பார் வாளியோடு அங்கே போனேன்.

"இல்லீங்க. அது நான் பின்னினது."

அடுத்த வரிசையில் அவர் மறுபடி சொன்னார். நான் மறுபடி திருத்தினேன். அன்று முழுவதும் அவர் சொன்ன இடத்துக்கெல்லாம் போய்த் திருத்தினேன். சாயங்காலம் ஓய்ந்துவிட்டார்.

இப்போது என் தோளில் போட்டுக்கொள்ளும் வெள்ளைத் துண்டுக்கு ஓரம் பின்னிக்கொண்டிருக்கிறேன். மச்சான் புதுவீடு கட்டியிருக்கிறார். அடுத்த மாதம் கிரகப்பிரவேசம். மனைவி நேற்று வந்து பின்னால் நின்றாள்.

"ஏங்க, இத போட்டுக்கிட்டா அண்ணன் வீட்டுக்கு வரப்போறீங்க?"

"ஆமா."

அவள் பின்னி முடிந்த பகுதியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மணி டப்பாவைத் திறந்து விரலால் கிளறினாள்.

"வெள்ளையா இருந்தா எடுப்பாவே இருக்காது," என்றாள். "செவப்பு மணி வைங்க."