தலை குனிந்து படித்த கேள்விகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலம் டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். உளவியலில் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்தவளுக்கு, எங்கள் பங்குச் சாமியார் சொல்லிக் கிடைத்த வேலை அது. புதன்கிழமைதோறும் மனநல டாக்டர் ஒருவர் வருவார். அவர் வருவதற்குள், காத்திருப்பவர்களுக்கு நுண்ணறிவுச் சோதனை வைத்து, கிடைத்த எண்ணைத் தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட வேண்டும்.

சோதனைக்கென்று ஒரு பெட்டி இருந்தது. அதில் கைப்புத்தகம், சிவப்பும் வெள்ளையுமான மரக்கட்டைகள், ஒரு ஸ்டாப் வாட்ச். கேள்விகளை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசிக்க வேண்டும் என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. எனக்கு அந்த விதி மேல் பக்தியே உண்டு. ஒரு சொல் பிசகினால் எண் பொய்யாகிவிடும் என்று பயந்து, தலையைத் தூக்காமல் வாசிப்பேன்.

ஒரு புதன்கிழமை மல்லசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு மாமியார் தன் மருமகளைக் கூட்டிவந்தார். காடு தோட்டம் உள்ள குடும்பம். மகன் போர்க் கிணறு போடும் ரிக் வண்டியில் ஆந்திரா, கர்நாடகா என்று மாதக்கணக்கில் போய்விடுகிறவன். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பெண்ணுக்கு இருபது வயது இருக்கும், கெங்கவல்லிப் பக்கத்துக்காரி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கூப்புட்டா திரும்பறதில்லீங்க. எதச் சொன்னாலும் ஆமாங்கன்னு சிரிக்கறா. கொழம்புக்கு உப்புப் போடுன்னா கோழிக்குத் தண்ணி வெக்கறா" என்றார் மாமியார். "மந்தமான புள்ளையத் தலைல கட்டிட்டாங்க. நீங்க பாத்து ஒரு சீட்டுக் குடுத்தீங்கன்னா, பெரியவங்கள வெச்சுப் பேசிக்குவோங்க."

அவர் கொடுமைக்காரி மாதிரி எனக்குத் தெரியவில்லை. களைத்துப் போனவராகத்தான் தெரிந்தார். அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுச் சோதனையைத் தொடங்கினேன்.

வாசித்த கேள்விகளில் பாதிக்கு அந்தப் பெண் "ஆமாங்க" என்றாள். எண்களைச் சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொன்னேன். மூன்று எண்ணைக்கூட அவளால் சொல்ல முடியவில்லை. சொற்களுக்குப் பொருள் கேட்கும் பகுதியில் ஒற்றைச் சொல்தான் என்பதால் தலை தூக்கி அவள் முகத்தைப் பார்த்தே கேட்டேன்; அவள் சொன்னவை விசித்திரமாக இருந்தன. பொட்டு என்றால் என்ன என்று கேட்டதற்கு "விரியாத பூ" என்றாள். படி என்றால் என்ன என்றதற்கு, இடுப்புச் சேலையைத் தொட்டுக் காட்டி, "காய் பறிச்சாந்து இதுலதான் கட்டிக்குவோம்" என்றாள். அப்படியே எழுதிக்கொண்டு எதிரே பூஜ்யம் போட்டேன்.

கடைசியில் கட்டைகள். அட்டையில் உள்ள கோலத்தைப் பார்த்து அதே போல் அடுக்க வேண்டும். முதல் அட்டைக்கு நான் செய்து காட்டினேன். அடுத்ததை அவளே இழுத்துக்கொண்டாள். ஒன்பது கட்டைக் கோலத்தை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்த அறையில் அதற்கு முன் யாரும் அதை அவ்வளவு சீக்கிரம் முடித்ததில்லை. அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். வராந்தாவில் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். டாக்டர் மதியத்தோடு கிளம்பிவிடுவார். வாய்ச்சோதனையையும் கட்டைச் சோதனையையும் கூட்டி வகுத்தேன். அறுபத்தாறு வந்தது. எழுபதுக்குக் கீழே வந்தால் மந்தம் என்று கணக்கு. டாக்டர் தாளிலும் சீட்டிலும் கையெழுத்துப் போட்டார். தாள் பீரோவுக்குப் போயிற்று. மாமியார் சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே எனக்கு எதுவோ உறுத்தத் தொடங்கிவிட்டது. என்னவென்று பிடிபடவில்லை. சாப்பாட்டில் மனம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போது அந்தக் கட்டைகள் கண்ணில் வந்தன. வாரத்தில் இரண்டு மூன்று முறை பீரோவைத் திறந்து அந்தத் தாளை எடுப்பேன், பார்ப்பேன், திரும்ப வைப்பேன். "எதையாச்சும் தொலைச்சிட்டியா?" என்று ஆஸ்பத்திரி மதர் ஒருநாள் கேட்டார். இல்லை என்றேன்.

ஒரு மாதத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. ஒரு பிற்பகலில் தாளை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். விரியாத பூ என்றால் மொட்டு. சேலையில் காய் கட்டிக்கொள்ளும் இடம் மடி. நான் கேட்டது பொட்டு, அவள் பதில் சொன்னது மொட்டுக்கு. நான் கேட்டது படி, அவள் பதில் சொன்னது மடிக்கு. தப்பான பதில்களே இல்லை. வேறு கேள்விகளுக்குச் சரியான பதில்கள். எழுந்து போய்க் கை கழுவும் இடத்திலிருந்த கண்ணாடி முன் நின்று, சத்தம் வராமல் அந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்தேன். பொட்டு. மொட்டு. படி. மடி. உதடுகள் ஒரே மாதிரித்தான் சேர்ந்து பிரிந்தன.

அவளுக்குக் காது கேட்கவில்லை. என் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். நான் தலை தூக்கிக் கேட்டவற்றுக்குப் பதில் வந்திருக்கிறது. தலை குனிந்து வாசித்தவற்றுக்கெல்லாம் "ஆமாங்க" வந்திருக்கிறது.

பதிவேட்டைத் திறந்து அவளுடைய மல்லசமுத்திரத்து விலாசத்தைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த நாளே லீவு சொல்லிவிட்டு மல்லசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். விலாசத்தைக் காட்டி விசாரித்து அந்த வீட்டுக்குப் போனால், பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தாகிவிட்டது, பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிப் பத்து நாளாகிறது என்றார் மாமியார். மோர் கொடுத்தார். மகனுக்கு வேறு இடம் பார்ப்பதாகவும் சொன்னார். வந்த காரணத்தை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. முதலில் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

மாமியாரிடம் கேட்டு வாங்கிய விலாசத்தோடு அந்த ஞாயிற்றுக்கிழமை கெங்கவல்லிக்குப் போனேன். பஸ் ஆத்தூர் தாண்டும்வரை ஜன்னலோரத்தில் ஒழுங்காக உட்கார முடியவில்லை. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வாக்கியங்களைக் கட்டிக் கட்டிக் கலைத்தேன்.

அவள் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக் காட்டில் இருந்தாள். நான் யார் என்று சொன்னதும் அவளுடைய அம்மா முகம் வெளுத்து, தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் உள்ளே போய்விட்டார். அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு வரப்பில் உட்காரச் சொன்னாள். அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, நிதானமாக, காது கேட்காதா என்று கேட்டேன்.

அவள் அம்மா போன திசையைப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். எட்டு வயதில் காய்ச்சல் வந்து, அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டதாம். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, வாயைப் பார்த்தே பத்தாவது வரை படித்திருக்கிறாள். விஷயம் தெரிந்தால் யாரும் கட்டமாட்டார்கள் என்றுதான் தூரத்தில் மாப்பிள்ளை பார்த்தார்கள். புரியாத இடத்தில் சிரித்துக்கொண்டே ஆமாங்க என்று சொல் என்று அம்மா சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஆனால் மல்லசமுத்திரத்துப் பேச்சு வேறாக இருந்தது. வீடு என்பதை அங்கே ஊடு என்றார்கள். பழகிய சொற்களே வாயில் வேறு உருவத்தில் வந்தன. மாமியாரோ அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீட்டு தப்பு, வேறு சீட்டு எழுதித் தருகிறேன், டாக்டரிடம் நானே பேசுகிறேன் என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"வேணாங்கக்கா" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"எனக்குக் கீழ ஒரு தங்கச்சி இருக்குது. நான் மந்தம்னா அது என்னோட போயிடும், தங்கச்சி பேசறதப் பாத்தாலே வெவரமான புள்ளைன்னு தெரிஞ்சிடும். செவுடுன்னு தெரிஞ்சா, காய்ச்சல்ல போச்சுன்னு சொன்னா நம்பமாட்டாங்க, இவங்க குடும்பத்துக்கே அப்படித்தான்னு சொல்லிடுவாங்க. அவளையும் யாரும் கேட்டு வரமாட்டாங்க." கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தாள். "அன்னிக்கி உங்ககிட்டயே சொல்லியிருக்கலாம். யோசிச்சுதான் சொல்லாம உட்டேன்."

நான் எண் போட்டுக்கொண்டிருந்த அந்த முக்கால் மணி நேரத்தில் அவளும் எதிரே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். அதில் என் சோதனையையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறாள்.

தங்கச்சி கல்யாணம் முடிகிறவரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுத்தது சரியா என்று இன்று வரை தெரியாது. அந்த ஒன்றரை வருடம் எனக்கு நிம்மதியில்லை. பொய்யான தாள் பீரோவில் இருந்தது. அதில் என் கையெழுத்து இருந்தது. டாக்டர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று எழுந்து, பேனா எடுக்க வந்தவள் மாதிரி எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். அவள் புருஷனுக்கு மறு கல்யாணம் ஆகிவிட்டது என்று மல்லசமுத்திரத்திலிருந்து வந்த வேறு ஒரு நோயாளி பேச்சுவாக்கில் சொன்னார். அன்று முழுவதும் கேள்விகளை வாசிக்கையில் நா குழறிற்று.

ஒரு மாசி மாதம், புதன்கிழமை இல்லாத நாளில், அவள் தனியாக வந்து நின்றாள். தங்கச்சிக்குத் தை மாதம் கல்யாணம் முடிந்துவிட்டதாகச் சொன்னாள்.

"இப்ப எழுதுங்கக்கா" என்றாள்.

முதலில் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். இரண்டு காதிலும் பெருமளவு போய்விட்டிருந்தது. பிறகு அவளுக்கு நேரெதிரே உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரிந்தவளுக்குக் கேள்விகளைத் தாளில் எழுதிக் காட்டி, புத்தக விதிகள் எல்லாவற்றையும் மீறி மறுபடி சோதனை வைத்தேன். நூற்றுப் பதினொன்று வந்தது. அடுத்த புதன்கிழமை மனநல டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் என்னைத் திட்டினார். அப்புறம் தான் கையெழுத்துப் போட்ட பழைய தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, திட்டுவதை நிறுத்திவிட்டார்.

புதுச் சீட்டை என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டேன். ஆத்தூரில் ஒரு தையல் பள்ளியில் சேரப் போவதாகவும், மந்தம் என்ற பேச்சால் அங்கே முன்பு சேர்த்துக்கொள்ளத் தயங்கினார்கள் என்றும் சொன்னாள். புருஷன் வீட்டுக்கு அதை அனுப்பவில்லை. அனுப்பலாமா என்று நான் ஆரம்பித்தபோது, அந்த வீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணை நினைத்துப் பார்க்கச் சொன்னாள். நெஞ்சில் பெட்டி மாதிரி தொங்கும் காதுக் கருவி ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். பஸ் சத்தம் தாங்காமல் ஒரே வாரத்தில் கழற்றிவிட்டாள். இரண்டு வருடம் கழித்து அதே பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவளாக ஆனாள் என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு கடிதமில்லை.

நான் அந்த வேலையை விடவில்லை. அதன்பின் யார் வந்தாலும், பெட்டியைத் திறக்குமுன் அவர்களுக்குப் பின்னால் போய் நின்று மெதுவாகப் பேசிப் பார்ப்பேன். சிலர் திரும்பவில்லை. அப்படி முதல் ஆள் திரும்பாத அன்று மாலை, பீரோவிலிருந்த பழைய தாள்களையெல்லாம் இறக்கி, எழுபதுக்குக் கீழே போனவர்களைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் கார்டு எழுதினேன்: ஒருமுறை வந்து போங்கள், செலவில்லை, காது மட்டும் பார்க்க வேண்டும். நான்கு பேர் வந்தார்கள். ஒரு கார்டு விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தது. மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை.