யோகேஷின் பஸ் மேல் விழுந்த வெயில்

நாமக்கல்லில் பஸ்ஸுக்கு ஸ்டிக்கர் டிசைன் போடுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தாலும், தன்னைத் தவிர மற்றவர்களை சபரிநாதன் ஓர் ஆளாகவே மதித்ததில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தொழிலில் இருக்கிறான். பட்டறையில் பஸ் வெறும் தகரமாக நிற்கும்போதே, பெயின்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டி ரோட்டில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாக்கி முதலாளிக்குக் காட்டுவான். அவர் தலையாட்டினால் வேலை ஆரம்பமாகும். மற்றவர்கள் போட்ட டிசைனை யாராவது காட்டினால் “பரவால்ல” என்பான். அதற்குமேல் அவன் வாயிலிருந்து பாராட்டு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்பேர்ப்பட்டவனின் நிம்மதி ஒரு வியாழக்கிழமை காலையில் போயிற்று. பரமத்தி ரோட்டில் கடை வைத்திருக்கும் யோகேஷ் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஒரு பஸ் படம் போட்டிருந்தான். யோகேஷ் பாலிடெக்னிக்கில் இவனுக்கு இரண்டு வருஷம் இளையவன். எங்கே பார்த்தாலும் “அண்ணா” என்று கும்பிடு போடுவான். அந்தக் கும்பிடும் சபரிக்குப் பிடிக்காது. படத்தில் பஸ்ஸின் முன் கண்ணாடியில் வெயில் சாய்ந்து விழுந்திருந்தது. அங்கிருந்து பக்கவாட்டுத் தகரத்தில் வழுக்கிக்கொண்டே பின் சக்கரம் வரைக்கும் போயிருந்தது. சபரி பெரிதாக்கிப் பார்த்தான். ஸ்டேட்டஸ் மறைந்துவிடுமே என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டும் பார்த்தான். குறை ஒன்றும் அகப்படவில்லை. வயிறு எரிந்தது.

“புது கார்டு வாங்கிட்டான்” என்று தானே முடிவுகட்டினான். புதிதாக வந்திருக்கும் கிராபிக்ஸ் கார்டுகள் ஒரு பொருளின் மேல் வெளிச்சம் எங்கே பட்டு எங்கே திரும்பும் என்பதைக் கணக்குப் போட்டு வரையும் என்று சபரி கேள்விப்பட்டிருந்தான். அவனிடம் இருந்தது ஆறு வருஷத்துப் பழசு. அதில் பஸ் பஸ்ஸாகத்தான் வரும். வெயில் வராது.

அதே வாரத்தில் மோகனூர் பஸ் முதலாளி மாதேஸ்வரன் நான்கு புது பஸ்ஸுக்குப் பாடி கட்டக் கொடுத்திருந்தார். நாலுக்கும் ஒரே டிசைன். சபரியையும் யோகேஷையும் ஆளுக்கொரு படம் காட்டச் சொல்லியிருந்தார். மாதேஸ்வரனுக்கு இதுவரை ஓடுகிற ஏழு பஸ்ஸுக்கும் டிசைன் போட்டவன் சபரிதான். இந்த நான்கும் யோகேஷிடம் போனால் பஸ் ஸ்டாண்டில் எந்த முகத்தோடு நிற்பது?

சனிக்கிழமை சேலம் போனான். கம்ப்யூட்டர் கடைக்காரம்மா சாரதாமணி நல்ல மாதிரி. போன வருஷத்துக் கார்டு ஒன்றையும் இந்த வருஷத்துக் கார்டு ஒன்றையும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திரைகளில் ஓடவிட்டு ஒரே படத்தைக் காட்டினார்.

“எது புதுசுன்னு சொல்லுங்க பாக்கலாம்.”

சபரி குனிந்து பார்த்தான், தள்ளி நின்று பார்த்தான். கடைசியில் இடதுபக்கத் திரையைக் காட்டினான். அது பழசு.

“பாத்தீங்களா? ஒங்க வேலைக்குப் பழசே தாராளம். புதுசுக்கு இருபத்தி ரெண்டாயிரம் சேத்திக் குடுக்கணும். கேம் ஆடறவங்க வாங்கறாங்க. நீங்க எதுக்குங்க?”

அவனுக்கும் கண்ணில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மனதில் யோகேஷ் படத்தின் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் வற்றிக்கிடந்த போர்வெல்லை இன்னும் நூறடி இறக்க வைத்திருந்த பணத்தில் புதுசையே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். வீட்டில் மனைவி சுகன்யா அட்டைப்பெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

“ஏனுங்க, இதுல தண்ணி வருங்களா?”

“ஆர்டர் வரும். ஆர்டர் வந்தா தண்ணி வரும். நீ சும்மா இரு.”

மூன்று நாள் உட்கார்ந்தான். சும்மா சொல்லக்கூடாது, கார்டு உழைத்தது. பஸ்ஸைத் திரையில் ஒரு தென்னந்தோப்பு ஓரமாக நிறுத்தினான். தகரம் கண்ணாடியாக மின்னியது, ஒவ்வொரு மட்டையும் அதில் தெரிந்தது. “இப்ப வாடா யோகேசு” என்று வாய்விட்டே சொன்னான்.

புதன்கிழமை பட்டறையில் வைத்து மாதேஸ்வரனின் போனுக்குப் படத்தை அனுப்பினான். மாதேஸ்வரன் எந்த டிசைனையும் தனியாக முடிவு செய்வதில்லை. பஸ்ஸோடு கிடக்கிறவனுக்குத்தான் தெரியும் என்று முதலில் டிரைவர் சென்னியப்பனிடம் போனைக் கொடுப்பார். மூலையில் கீறல் விழுந்த சின்னப் போன் அது. சென்னியப்பன் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஏனுங்க மொதலாளி, பஸ் மேல எதுக்குங்க தென்ன மரம் ஒட்டறாங்க?”

மாதேஸ்வரன் வாங்கிப் பார்த்தார். “அட ஆமா. ஏன் சபரி, நாம என்ன எளநீ யாவாரமா பண்றோம்?”

“அது ஸ்டிக்கர் இல்லீங்க” என்று சபரி பதறினான். “பக்கத்துல இருக்கற மரம் பஸ் மேல தெரியுதுங்க. நெழலாட்டம். புது கார்டுல போட்டது.”

“அப்ப பஸ் கெளம்பிப் போனா மரம் போயிருமுங்களா?” என்றார் சென்னியப்பன். கேலியில்லை, நிஜமாகவே கேட்டார்.

“போயிருமுங்க.”

“போற மரத்த எதுக்குங்க வரையறது?”

பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். சபரிக்குக் காது இரண்டும் சுட்டது. மாதேஸ்வரன் சமாதானமாகத் தோளில் தட்டிவிட்டு, யோகேஷ் அனுப்பிய படத்தை எடுத்துக் காட்டினார். அதே ஸ்டேட்டஸ் படம்.

“இதப் பாரு. இது நம்ம மூணாம் நம்பர் வண்டி. கதவுகிட்ட அடிபட்ட நெளிசல்கூட இருக்குது பாரு. காலங்காத்தால வந்து, வண்டியக் கழுவி, மோகனூர் ஆத்துப் பக்கம் நிறுத்தச் சொல்லிப் போட்டோ புடிச்சான். அதும் மேலயே டிசைனப் போட்டுட்டான். என்ற சம்சாரம் பாத்தொடனே நம்ம வண்டின்னுட்டா. நாலும் அவனுக்கே குடுத்தர்லாம்னு இருக்கறன் தம்பி, மனசுல வெச்சுக்காத.”

போட்டோ! கார்டும் இல்லை, கணக்கும் இல்லை. காவிரிக் கரையில் சும்மா அடிக்கிற வெயில். சபரிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கார்டு என்றால் கடையில் கிடைக்கும். விடியற்காலையில் ஆற்றோரம் போய் நிற்கலாம் என்று தோன்றுகிற புத்தியை எந்தக் கடையில் போய் வாங்குவது?

மறுநாள் யோகேஷே போன் செய்தான்.

“அண்ணா, புது கார்டு போட்டுட்டீங்களாமா? சென்னியப்பன் சொன்னாரு. எப்படிங்ணா இருக்குது? எனக்கும் ஆசைதான். தங்கச்சிக்கு ஸ்கூட்டி வாங்க வெச்ச காசு இருக்குது. அவ காலேஜுக்கு ரெண்டு பஸ் மாறிப் போறாளுங்ணா. நீங்க சொன்னா வாங்கறேன், வேண்டாம்னா உட்டர்றேன். ஒங்க பேச்சத்தான் நம்புவேன்.”

வேண்டாம் என்ற சொல் சபரியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்த சொல்லை விழுங்கினான். நான் மட்டும் ஏமாளியாக இருப்பதா?

“வாங்கீரு தம்பி. காசப் பாக்காத. வெளிச்சமே வேற.”

அன்று மத்தியானம் இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டான்.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யோகேஷிடமிருந்து ஒரு படம் வந்தது. மாதேஸ்வரனின் புது பஸ், இந்த முறை முழுக்கக் கம்ப்யூட்டரில் போட்டது. மழை விட்ட ரோட்டில் பஸ் நின்றது. ஈரத் தாரில் அதன் விளக்குகள் மட்டும் கலங்கித் தெரிந்தன. தகரத்தில் மரமில்லை, மட்டையில்லை. அது எந்தப் போனிலும் பஸ்ஸாகவே தெரியும். கீழே, “நீங்க சொன்னதாலதாங்ணா” என்று எழுதியிருந்தான்.

அதே கார்டு, அதே விலை. சபரி இப்படியும் அப்படியும் பெரிதாக்கிப் பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான், எழுத்தைப் பார்த்தான்.

பக்கத்து வீட்டிலிருந்து குடத்தோடு வந்த சுகன்யா, அதை இறக்கி வைத்துவிட்டுத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“அட, என்னங்க இது, மழ பேஞ்ச ஈரம் கையில ஒட்டறாப்ல இருக்குது!” என்றாள். “புது கார்டுல நீங்க போட்டதுங்களா? நாந்தான் தெரியாம என்னென்னமோ பேசிப்போட்டேன். குடுத்த காசு தகுமுங்க.”

சபரி போனைக் கவிழ்த்து வைத்தான்.

“ஆமா” என்றான்.