இரண்டாக வெட்டிய கல்யாணம்

கம்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் உத்தமபாளையத்திலிருந்து ஓர் அக்கா புது பென்டிரைவோடு வந்தார். அவருடைய மகளின் நிக்காஹ் வீடியோவை நாங்கள்தான் எடுத்திருந்தோம். சவுதியில் வேலை பார்த்த அவருடைய கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஊருக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் சவுதிக்குத் திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.

வீடியோவை அதில் காப்பி செய்தேன். இடமில்லை என்றது கம்ப்யூட்டர்.

"ஒண்ணுமே ஏத்தலையே தம்பி, எட்டு ஜிபின்னுதான குடுத்தாக?" என்றார்.

இடம் இருந்தது. ஆனால் அந்த பென்டிரைவ் ஃபார்மேட் ஆகியிருந்த முறையில் ஒரே ஃபைல் நாலு ஜிபிக்கு மேல் ஏறாது. கல்யாணம் அதைத் தாண்டியிருந்தது. ஃபார்மேட்டை மாற்றினால் சவுதியில் அவர் கணவரின் அறையிலிருந்த டிவிடி பிளேயர் படிக்காது. ரார் சாஃப்ட்வேரில் ஃபைலைத் துண்டாக்கினால், அங்கே மறுபடி சேர்க்கக் கம்ப்யூட்டர் வேண்டும். அது அவரிடம் இல்லை. வீடியோவையே இரண்டாக வெட்டிவிடலாம் என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்து வெட்டும் இடத்தை அக்காவே தேடினார். நான் காட்டிய இடமெல்லாம் அவருக்குப் பிடிக்கவில்லை. "இங்கன வேணாம், அவுக தங்கச்சி பேசிக்கிட்டிருக்கு." பந்தியில் பிரியாணி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இங்கன வெட்டுங்க. அவுகளும் அங்கன எந்திரிச்சு ஒரு வாய் சாப்பிட்டு வரட்டும்."

சில மாதம் கழித்து போட்டோ எடுத்துக்கொள்ள வந்த அக்காவிடம், "பார்த்தாகளாக்கா?" என்று கேட்டேன்.

"மொதப் பாதியத்தான் தெனமும் பாக்குறாக. ரெண்டாவதைப் போடவே இல்லையாம். அதுல பிள்ளை கார்ல ஏறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருதுல்ல." சொல்லிவிட்டுத் தலையில் போட்டிருந்த தட்டத்தைச் சரிசெய்துகொண்டார். போட்டோவுக்கான விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

அடுத்த ரம்ஜானுக்கு அக்காவின் கணவர் ஊருக்கு வந்தார். மகளும் வந்திருந்தாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் மறுபாதியைப் போடச் சொன்னாராம். கார் புறப்படும் இடம் வந்ததும், "அத்தா, நான் இங்கனதான இருக்கேன்" என்று மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். அவர் கடைசிவரை பார்த்தாராம்.