வடக்கத்திக் கல்

செல்போன் இன்னும் எங்கள் லைன் வீடுகளுக்கு வராத காலம். ஓசூருக்கு வந்த புதிதில் என்னை வாயடைக்க வைத்தவள் எதிர்வீட்டு சுனிதா. காலை வெயிலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் சேலையைக் கொஞ்சம் விலக்கி, வலது வயிற்றுத் தழும்பைக் காட்டி "பத்ரி" என்றாள். இந்தியில் கல் என்று அர்த்தமாம். பாதி அரைகுறைத் தமிழிலும் பாதி கைசாடையிலும் மீதியைச் சொன்னாள். பீகாரில் கங்கைக் கரையில் அவள் ஊர். அங்கே அம்மா, சித்தி என்று வீட்டுக்கு வீடு பித்தப்பையை எடுத்திருக்கிறார்களாம். அடி ஆத்தி! கோவில்பட்டியில் நாங்கள் பிரசவத் தழும்பைக்கூட யாருக்கும் காட்ட மாட்டோம்.

எங்கள் பக்கம் விலாவுக்குக் கீழே வலித்தால் அதற்கு ஒரே பெயர் வாயு. கோலி சோடாவில் எலுமிச்சை பிழிந்து குடித்து, ஏப்பம் விட்டால் சரி. இரண்டாவது மகன் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு அந்த வலி வந்தது. சோடா குடித்தேன். ஏப்பம் வந்தது, வலி மட்டும் தோள்பட்டை வரை ஏறியது. சுனிதா "ஸ்கேன், ஸ்கேன்" என்று தலையிலடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் சிரித்தார். "அது வடக்கத்தி ஆளுகளுக்கு வர்றதுட்டி. நாம என்ன கடுகெண்ணெயிலயா சமைக்கோம்?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்களுக்கு அந்த எண்ணெய் கிடையாது என்று அவளுக்குச் சாடை காட்டினேன். வீட்டில் எண்ணெய் தீர்ந்துவிட்டதாக நினைத்து, பாவம், ஒரு கிண்ணம் கடுகெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒரு காலை எனக்குக் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. அவர் முதல் ஷிப்டுக்கும் மூத்தவன் பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தார்கள். சுனிதா என் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். கண் மஞ்சளாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான், தன் கைக்குழந்தையையும் என் சின்னவனையும் இடுக்கிக்கொண்டு என்னை ஆட்டோவில் தள்ளினாள். கல் நழுவிப் பித்தக் குழாயை அடைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். பெங்களூருக்கு அனுப்பி, கல்லையும் பிறகு பையையும் எடுத்தார்கள். நான் படுத்துக் கிடந்த நாளெல்லாம் என் மகனுக்குப் பசியாற்றியவள் அவள்தான். ஒரு பக்கம் அவள் மகள், மறுபக்கம் என் மகன்.

வெளியே எடுத்த கற்கள் மிளகு மாதிரி கறுப்பாக இருந்தன. "வடக்கே ஜாஸ்திங்கறது நிஜம்மா," என்றார் கன்னடக்கார டாக்டர். "வம்சத்துல வரும், சாப்பாடும் சேரும். அவங்க கல்லு பெரும்பாலும் கொழுப்புக் கல்லு, மஞ்சளா இருக்கும். நம்ம பக்கம் கறுப்புக் கல்லு அதிகம். கம்மியா வரும்னா வராதுன்னு அர்த்தமா?" என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஊரில் இதைப் படிக்கிற பெண்களே, சோடாவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

மறுபடி காட்டப் போனபோது டாக்டர் கேட்டார். "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது கல்லு இருந்துதா? அம்மா, அக்கா?"

"எங்க அக்காவுக்கு இருந்துச்சு, டாக்டர்."

"உனக்கு ஏதுட்டி அக்கா? நீதானே மூத்தவ?" என்றார் வீட்டுக்காரர்.

கதவுக்கு வெளியே பெஞ்சில், முந்தானைக்குள் என் மகனை அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சுனிதாவைக் காட்டினேன். டாக்டர் சிரித்துவிட்டார். "அந்தச் சொந்தம் கணக்குல வராதும்மா."

வராதுதான். கோவில்பட்டியில் என்னை அக்கா என்று கூப்பிட ஒரு கூட்டமே இருக்கிறது. நான் அக்கா என்று கூப்பிட, இந்த ஓசூரில்தான் ஒருத்தி கிடைத்தாள்.